டம்ளரை எடுத்தது யார்?

விஸ்காம் மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவது பல வருடங்களாக என் வேலை. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே எண்ட் டைட்டிலை ஓட்டிப் பார்த்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று மேலே வரும் பெயர்கள் பெரும்பாலும் பையன்களுடையவை. உடை, ஒப்பனை, தயாரிப்பு மேற்பார்வை, கன்டினியூட்டி என்று கீழே இறங்கும்போதுதான் பெண்களின் பெயர்கள் வரத் தொடங்கும். வகுப்பில் சரிபாதி பெண்கள் இருக்கும் வருடங்களிலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. ஏன் என்று கேட்டால், "நாங்க யாரையும் ஃபோர்ஸ் பண்ணல மேடம், அவங்களே எடுத்துக்கிட்டாங்க" என்று பதில் வரும். பக்கத்தில் நிற்கும் பெண்ணும் ஆமாம் என்று தலையாட்டுவாள்.

அவளே எடுத்துக்கொண்டாள் என்பது உண்மையாகவே இருக்கலாம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறவும் பாத்திரம் எண்ணவும் யாரும் சொல்லாமலே நாம் எழுந்து போவதும் அப்படி ஒரு உண்மைதான். எனவே யார் யாரைத் தடுத்தார்கள் என்ற கேள்வியை இங்கே ஒதுக்கி வைக்கிறேன். கேமராவும் கன்டினியூட்டியும் உண்மையில் எப்படிப்பட்ட திறமைகள், அவற்றை இப்படிப் பங்கு பிரித்துக்கொள்வதால் நம் படங்களுக்கு என்ன ஆகிறது என்பதே நான் பேச விரும்புவது.

ஆறு ஷாட் பயிற்சி

முதல் வருட மாணவர்களுக்கு எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான பயிற்சியைத்தான் கொடுப்பார்கள். ஒரு பெண் அறைக்குள் வருகிறாள். மேசைமேல் காபி டம்ளர் இருக்கிறது. உட்கார்ந்து ஒரு வாய் குடிக்கிறாள். கடிதம் ஒன்றைப் பிரித்துப் படிக்கிறாள். எழுந்து போகிறாள். வசனம் கிடையாது. இதை 6 ஷாட்டில் எடுத்து, வெட்டி ஒட்டியது தெரியாமல் ஓடவைக்க வேண்டும்.

கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வைட் ஷாட்டில் வலது கையால் எடுத்த டம்ளர் குளோஸில் இடது கையில் இருக்கும். நான்காவது டேக்கின்போது யாரோ நல்ல மனதோடு புதுக் காபி ஊற்றியிருப்பார்கள், பாதி குடித்த டம்ளர் அடுத்த ஷாட்டில் நுரையோடு நிரம்பி நிற்கும். முன்னால் கிடந்த ஜடை பின்னால் போயிருக்கும். காலை 10 மணிக்கு எடுத்த வைட் ஷாட்டில் ஜன்னல் வெயில் சுவரில் விழும், சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த குளோஸில் அந்த வெயில் இருக்காது. கேமராவை ஆட்டோவில் விட்டிருந்தால் சிவப்புத் துப்பட்டா ஃப்ரேமுக்குள் வரும்போதெல்லாம் சுவரின் நிறம் மாறும்.

பிறகு லுக். தெருவின் இந்தப் பக்கம் நின்று பார்த்தால் இடமிருந்து வலமாகப் போகும் பஸ், எதிர்ப்பக்கம் போய் நின்றால் வலமிருந்து இடமாகப் போகும். பஸ் திரும்பவில்லை, நாம்தான் தெருவைக் கடந்துவிட்டோம். கேமராவும் அப்படித்தான். அந்தப் பெண்ணுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு அதன் ஒரே பக்கம் நின்று எடுத்தால், அவள் பார்ப்பது கதவைத்தான் என்று பார்வையாளருக்குப் புரியும். கோட்டைத் தாண்டிவிட்டால் அவள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு எதையோ பார்ப்பதுபோல் ஆகிவிடும். இமாஜினரி லைன் என்று பெரிதாகச் சொல்லப்படும் விதி இவ்வளவுதான்.

வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதையும் எடுக்கும்போதே யோசிக்க வேண்டும். டம்ளரைத் தூக்கும் அசைவை வைட் ஷாட்டிலும் முழுதாக நடிக்கச் சொல்லி, குளோஸிலும் முதலிலிருந்து நடிக்கச் சொன்னால்தான், கை பாதி தூரம் எழும்பும் இடத்தில் வெட்ட முடியும். கண் அசைவைத் தொடர்ந்து போவதால் வெட்டு தெரியாது. வைட் ஷாட்டில் தூக்குவதோடு நிறுத்திவிட்டு, குளோஸில் உதட்டில் வைத்த நிலையிலிருந்து தொடங்கியிருந்தால் எந்த எடிட்டராலும் காப்பாற்ற முடியாது.

இந்தப் பட்டியலில் எது கேமரா வேலை, எது கன்டினியூட்டி வேலை? கோட்டின் எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் கேமரா வைப்பவர் முடிவு செய்கிறார், முந்தைய ஷாட்டில் எங்கே நின்றோம் என்பது நோட்டில் இருக்கிறது. எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவைப்பது கேமராவில் செய்யும் வேலை, எந்த எண்ணில் பூட்டினோம் என்பது நோட்டில் இருக்க வேண்டும். லென்ஸ், ட்ரைபாட் உயரம், நடிகருக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம் எல்லாமே அப்படித்தான். நோட்டு எழுதத் தெரியாத ஒளிப்பதிவாளர் தனித்தனியாக அழகான படங்களை எடுப்பார், அவை ஒன்றோடொன்று சேராது. கேமரா தெரியாமல் நோட்டு எழுதுபவர் துப்பட்டாவையும் வளையலையும் மட்டும் குறித்துக்கொண்டிருப்பார், லென்ஸ் மாறியதைக் கவனிக்க மாட்டார். பார்ப்பதும் பார்த்ததை நினைவில் வைப்பதும் சேர்ந்துதான் இந்தத் தொழில். அதை இரண்டாக வெட்டி ஆளுக்கொரு பாதியைக் கொடுத்தால் இருவருக்குமே பாதிதான் வரும்.

சரி, 6 ஷாட்டும் சேர்ந்துவிட்டன. அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். அடுத்த காட்சி, மறுநாள் காலை. அதே மேசை, துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "டம்ளரை எடுத்தது யார்?" என்று நான் கேட்பதுண்டு. வகுப்பு சிரிக்கும். "அது கதைக்குத் தேவையில்ல மேடம்" என்பார்கள். எப்போதோ ஒருமுறை, "அம்மா எடுத்திருப்பாங்க" என்று யாராவது சொல்வார்கள்.

நமக்குத் தெரியும் பிழையும் தெரியாத பிழையும்

கதாநாயகனின் கைக்கடிகாரம் ஒரு ஷாட்டில் இருந்து அடுத்த ஷாட்டில் காணாமல் போனால் அதை வட்டம் போட்டு மீம் ஆக்கிவிடுகிறோம். ஆனால் தூங்கி எழுந்த பெண்ணின் கண் மை கலையாமல் இருப்பதை யாரும் பிழை என்று சொல்வதில்லை. பத்துப் பேருக்குச் சமைத்து முடித்த அடுக்களையில் கழுவாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை. நாள் முழுக்க அழுதவளின் புடவையில் கசங்கல் இல்லை. இவையும் கன்டினியூட்டி பிழைகள்தான். நேற்று நடந்த ஒன்றின் தடயம் இன்று இல்லாமல் போனால் அது பிழை என்பதுதானே விதி? பெண் உடல் களைத்ததற்கும் பெண் கை வேலை செய்ததற்கும் தடயம் இல்லாமல் போகும்போது மட்டும் நம் கண்ணுக்கு அது உறுத்துவதில்லை.

இன்னொன்று தோலின் நிறம். வைட் ஷாட்டில் ஒரு நிறமாக இருக்கும் நாயகி, குளோஸ் அப்பில் இரண்டு படி வெளுத்துவிடுகிறாள். தெர்மாகோலைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே பிடிக்கிறார்கள், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் தூக்குகிறார்கள், மீதியைக் கலர் கரெக்‌ஷனில் முடிக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் நாயகனின் கறுப்பு அப்படியே இருக்கிறது. இந்தப் பழக்கத்துக்கு உலக அளவில் ஒரு வரலாறு உண்டு. கோடாக் நிறுவனம் 1950களில் தொடங்கி அச்சுக்கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த அட்டைக்குப் பெயரே ஷெர்லி அட்டை. அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். கறுத்த முகங்கள் எப்படி வந்தன என்பது நெடுங்காலம் கணக்கிலேயே இல்லை. இன்று நம் மாணவர்களின் கைபேசியில் தானாகவே முகத்தை மழுப்பி வெளுக்கவைக்கும் வசதி இருக்கிறது. அதை அணைத்துவிட்டு, கறுத்த முகத்தின் கன்னத்தில் வெளிச்சம் படும் இடத்தையும் படாத இடத்தையும் பார்த்து எக்ஸ்போஷர் வைக்கக் கற்பது பெரிய கேமராத் திறமை. சொந்தத் தங்கையின் முகத்தை அவள் நிறத்திலேயே, 6 ஷாட்டிலும் ஒரே மாதிரி எடுக்கத் தெரிந்தவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார்.

"கேர்ள்" என்று பெயர் வைத்த வேலை

கன்டினியூட்டி பெண்கள் கையில் வந்து சேர்ந்தது நம் கல்லூரிகளில் மட்டும் அல்ல. ஹாலிவுட்டில் இந்த வேலைக்கு நெடுநாள் பெயர் ஸ்கிரிப்ட் கேர்ள். பிரிட்டனில் கன்டினியூட்டி கேர்ள். 50 வயதானாலும் கேர்ள்தான். படப்பிடிப்புத் தளத்தில் பெண்கள் தொடர்ந்து இருக்க முடிந்த மிகச் சில வேலைகளில் இதுவும் ஒன்று. தட்டச்சு, குறிப்பெடுப்பது, நினைவூட்டுவது என்று அலுவலகச் செயலாளரின் வேலைபோலத் தெரிந்ததால் அனுமதித்தார்கள்.

செயலாளர் வேலையா இது? அலன் ரெனேயின் 'மரியன்பாத்தில் கடந்த ஆண்டு' 1961இல் வந்த படம். எது இன்று, எது போன வருடம், எது நினைவு, எது கற்பனை என்று பார்ப்பவருக்குத் தெரியாதபடி காலத்தைக் கலைத்துப்போட்ட படம். பார்ப்பவர் குழம்பலாம், எடுப்பவர்கள் குழம்பக் கூடாது. எந்தக் காட்சி எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று வரைபடம் போட்டு வைத்திருந்தவர் சில்வெத் போத்ரோ என்ற ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர். அந்தப் படத்தின் கலைந்த காலத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அதைக் கலையாமல் பிடித்துவைத்திருந்த பெண்ணின் பெயர் அவற்றில் அரிதாகவே வரும். ஹிட்ச்காக்கின் மனைவி ஆல்மா ரெவில் கணவருக்கு முன்பே சினிமாத் தொழிலுக்குள் வந்தவர், படத்தொகுப்பிலும் கன்டினியூட்டியிலும் கை தேர்ந்தவர். 'சைக்கோ' படத்தில் இறந்து கிடக்கும் நடிகையிடம் ஒரு சின்ன அசைவு இருந்ததை அறையில் இருந்த எல்லோரும் தவறவிட, அவர் ஒருவர்தான் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதையை எப்போதும் ஹிட்ச்காக்கின் கதையாகத்தான் சொல்வார்கள்.

தமிழ்ப் படப்பிடிப்பில் இந்த வேலை உதவி இயக்குநர்கள் கையில் இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அங்கே இதற்கு மரியாதை உண்டு. கன்டினியூட்டி பார்த்தவர், கிளாப் அடித்தவர் நாளை இயக்குநர் ஆவார் என்பது நம் ஊர் ஏணி. அதே வேலை கல்லூரிக் குழுவில் பெண்ணிடம் வரும்போது ஏணியாக இல்லாமல் எடுபிடியாகிறது. வேலையில் எந்த வேறுபாடும் இல்லை. அதைச் செய்பவர் அடுத்து எங்கே போவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதில்தான் வேறுபாடு.

"பொண்ணுங்களுக்கு இதெல்லாம் நேச்சுரலா வரும்" என்ற பாராட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயற்கையாக வரவில்லை. யாருடைய தட்டில் சோறு தீர்ந்தது, யார் இன்னும் காபி குடிக்கவில்லை, அப்பாவின் சட்டை எங்கே தொங்குகிறது என்று ஐந்து வயதிலிருந்து கவனிக்கப் பழக்கியிருக்கிறார்கள். கவனிக்கத் தவறியபோது திட்டு வாங்கியிருக்கிறோம். அது பயிற்சி. பயிற்சியால் வந்த திறமைக்கு சம்பளமும் பெயரும் கேட்கலாம். இயற்கையாக வந்ததென்று ஒப்புக்கொண்டால் அதைக் கேட்க முடியாது.

கேமராவின் எடை

கேமராவைப் பெண்களிடம் கொடுக்காததற்கு எடை ஒரு காரணமாகச் சொல்லப்படும். வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்பின் எடை தனி. அதை உருட்டியும் தூக்கியும் அடுப்படிக்குக் கொண்டுபோகும் பெண்ணிடம் எடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கல்லூரியில் கொடுக்கும் மிரர்லெஸ் கேமரா லென்ஸோடு சேர்த்து 2 கிலோவைத் தொடாது.

தமிழில் இந்த வழக்கை முடித்துவைத்தும் நாற்பது வருடம் ஆகிறது. ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று அறியப்படும் பி.ஆர். விஜயலட்சுமி, அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து, 1985இல் வந்த 'சின்ன வீடு' படத்தில் தனியாக ஒளிப்பதிவு செய்தார். 2002இல் ரேவதி இயக்கிய 'மித்ர் மை ஃப்ரெண்ட்' பெண்களே பணியாற்றிய படம், ஒளிப்பதிவு ஃபௌசியா ஃபாத்திமா. 'குட்டி ஸ்ராங்க்' படத்துக்காக ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைக் கதைப்படப் பிரிவில் பெற்ற முதல் பெண்ணானார் அஞ்சுலி சுக்லா. ஃபௌசியாவும் அஞ்சுலியும் புனே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்கள்.

இந்தப் பெயர்களைச் சொல்லிக் கைதட்டுவதோடு நான் நிறுத்த விரும்பவில்லை. 'சின்ன வீடு' என்ன படம்? மனைவி குண்டாக இருப்பதால் பிடிக்காமல் வேறு பெண்ணைத் தேடிப் போகும் கணவனைப் பற்றிய நகைச்சுவை. ஒரு பெண் கையில் முதன்முதலாக முழுப் பொறுப்போடு கேமரா வந்தபோது அது படம்பிடிக்க வேண்டியிருந்தது கேலி செய்யப்படும் இன்னொரு பெண்ணின் உடலை. இது விஜயலட்சுமியின் குறை அல்ல, கதை அவருடையது அல்ல. ஆனால் கேமரா யார் கையில் என்பது மட்டுமே பார்வையை மாற்றிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எதை விடாமல் காட்டுவது, எதை வெட்டிவிடுவது என்ற முடிவும் நம் கையில் வர வேண்டும். அந்த முடிவின் கதைதான் அடுத்து.

அக்கர்மான் கற்றுக்கொண்ட விதம்

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷான்தால் அக்கர்மான் 15 வயதில் கோதாரின் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு சினிமாதான் வேலை என்று முடிவு செய்தவர். பிரசல்ஸில் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்து, சில மாதங்களிலேயே வெளியேறி, 1968இல் 18 வயதில் தானே நடித்து ஒரு படம் எடுத்தார். 'சோத் மா வில்', அதாவது 'என் ஊரே, வெடித்துப் போ' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. 13 நிமிடம். ஒரு பெண் பூங்கொத்தோடு மாடிப்படி ஏறி வருகிறாள், அடுக்களைக்குள் போய்ச் சமைத்துச் சாப்பிடுகிறாள், கதவிடுக்கை டேப் போட்டு அடைக்கிறாள், தரையைத் துடைக்கிறேன் என்று தண்ணீரை இறைக்கிறாள், ஷூவுக்குப் பாலிஷ் போடத் தொடங்கிக் காலுக்கே போட்டுக்கொள்கிறாள், கடைசியில் கேஸைத் திறந்துவிட்டு அடுப்பின்மேல் சாய்கிறாள். திரை இருள்கிறது, வெடிச் சத்தம். படம் முழுக்க அவள் முணுமுணுக்கும் பாட்டு அவள் உதட்டோடு சேராது. வேலைகள் ஒன்றுக்கொன்று ஒழுங்காகத் தொடராது. வீட்டு வேலையின் ஒழுங்கையும் சினிமாவின் ஒழுங்கையும் அவர் ஒரே அடியில் உடைத்தார்.

"கோதார் ஜம்ப் கட் போட்டாரே மேடம், கன்டினியூட்டி எதுக்கு?" என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இந்தப் படத்தைக் காட்டுவேன். உடைப்பதில் அக்கர்மான் அவர்கள் கட்சிதான். ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. அடுத்து நியூயார்க் போனார். 1972இல் 'லா ஷாம்ப்ர்', அதாவது 'அறை' என்ற படத்தை எடுத்தார். சுமார் 11 நிமிடம். கேமரா ஒரு சின்ன அறையை மெதுவாகச் சுற்றி வருகிறது. நாற்காலி, மேசை, கெட்டில், படுக்கை, படுக்கையில் அக்கர்மான், மீண்டும் நாற்காலி. ஒவ்வொரு சுற்றிலும் பொருட்கள் அப்படியே இருக்கின்றன, படுக்கையில் இருப்பவள் மட்டும் மாறியிருக்கிறாள். ஒரு கட்டத்தில் கேமரா எதிர்த் திசையில் திரும்புகிறது. எது மாறியது, எது மாறவில்லை என்று நாம் தேடத் தொடங்குகிறோம். கன்டினியூட்டி நோட்டின் முதல் பக்கத்தைத் திரையில் போட்ட மாதிரி இருக்கும். கேமரா பாபெத் மாங்கோல்த், பிரான்சின் புகழ்பெற்ற ஒளிப்பதிவுப் பள்ளியில் அனுமதி பெற்ற முதல் பெண்களில் ஒருவர்.

இந்த இருவரும் சேர்ந்து 1975இல் 'ழான் தில்மான்' படத்தை எடுத்தார்கள். பெரும்பாலும் பெண்களே இருந்த குழு. 201 நிமிடம். பிரசல்ஸில் மகனோடு வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள். உருளைக்கிழங்கு வேகவைப்பாள், படுக்கையை மடிப்பாள், மகனின் ஷூவைத் துடைப்பாள். பிற்பகலில் ஒரு ஆண் வருவான், அவனோடு உள்ளே போவாள், அவன் கொடுக்கும் பணத்தைச் சாப்பாட்டு மேசைமேல் உள்ள சூப்புக் கிண்ணத்தில் போட்டு மூடுவாள். அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் விளக்கை அணைப்பாள். கேமரா நகர்வதே இல்லை. அதன் உயரம் குள்ளமான அக்கர்மானின் கண் உயரம் என்று சொல்வார்கள். குளோஸ் அப் இல்லை, அவளுடைய பார்வையாக ஒரு ஷாட் இல்லை. மற்ற படங்கள் வெட்டிவிடும் வேலைகள் இங்கே அவற்றுக்கு ஆகும் நேரம் முழுக்க ஓடுகின்றன. டம்ளரை எடுத்தது யார் என்று இந்தப் படத்தில் கேட்கவே முடியாது. எடுத்தவளையும் கழுவியவளையும் துடைத்து வைத்தவளையும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

முதல் நாளின் ஒழுங்கை இப்படி நம் மனதில் பதியவைத்த பிறகு, இரண்டாம் நாள் ஒன்று நழுவுகிறது. வந்தவன் போன பிறகு அவள் தலைமுடி கலைந்திருக்கிறது. கிண்ணத்தின் மூடியை வைக்க மறக்கிறாள். உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது, பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் அறை அறையாக நடக்கிறாள். மூன்றாம் நாள் ஷூ பிரஷ் கை தவறி விழுகிறது. வழக்கமாக உட்காரும் காபிக்கடை இருக்கையில் வேறு ஒருத்தி இருக்கிறாள். சாதாரணப் படத்தில் நம் கண்ணில் படாமலே போகும் இந்த விஷயங்கள் இங்கே நெஞ்சை அடைக்கின்றன. மூடாத ஒரு மூடியைப் பார்த்துப் பதறுகிறோம். கடைசியில் கத்தரிக்கோலும் கொலையும் வரும்போது அதிர்ச்சி வருகிறது, ஆனால் அது எங்கிருந்தோ வந்து விழவில்லை. நேற்றிலிருந்தே கோணல் தொடங்கிவிட்டதை நாம் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டுதான் வந்தோம்.

அதாவது, பார்வையாளரையே கன்டினியூட்டி பார்ப்பவராக மாற்றிவிட்டார் அக்கர்மான். யாரும் மதிக்காத அந்தக் கவனத்தை எடுத்துப் படத்தின் முழுக் கதையாகவும் வைத்தார். முடி கலைந்திருப்பது பிழையா, கதையா என்று நமக்குக் குழப்பம் வரக் கூடாது என்றால், மற்ற ஆயிரம் பொருட்களில் தெரியாமல்கூட ஒரு பிழை வரக் கூடாது. அந்த அளவு தொழில் சுத்தம் இல்லாமல் இந்தப் படம் சாத்தியமே இல்லை. ஒத்திகையின்போது சாமி ஃப்ரே எடுத்த ஒரு பதிவு இருக்கிறது. நாயகியாக நடித்த டெல்ஃபீன் செய்ரிக் ஒவ்வொரு அசைவுக்கும் ஏன் என்று கேட்பதையும், 24 வயது இயக்குநர் அதை எப்படி, எவ்வளவு நேரம் செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்வதையும் அதில் பார்க்கலாம். இந்த செய்ரிக்தான் 'மரியன்பாத்' படத்தின் நாயகியும். 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் வாக்கெடுப்பில் உலகின் மிகச் சிறந்த படமாக 'ழான் தில்மான்' முதலிடம் பெற்றது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த வாக்கெடுப்பு தொடங்கியது 1952இல். ஒரு பெண் எடுத்த படம் முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை.

நமக்கு அருகில், 2021இல் ஜியோ பேபி இயக்கிய மலையாளப் படமான 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' இதே வழியில் கொஞ்ச தூரம் போனது. ஒழுகும் சிங்க் குழாயை நினைத்துப் பாருங்கள். பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி அவள் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாள், அவன் மறந்துகொண்டே இருக்கிறான், வாளி நிரம்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு கன்டினியூட்டி விவரம் படம் முழுக்க வளர்ந்து கடைசியில் என்னவாகிறது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அடுக்களையை வேகமாக வெட்டிக் காட்டும் படம் அது, அக்கர்மானின் நிதானம் அதில் கிடையாது. ஆனால் நேற்றைய அழுக்கு இன்றும் இருக்கும் என்பதை அது மறக்கவில்லை. சமைக்கும் பெண்ணைக் காட்டும் படங்கள் நம்மிடம் ஏராளம். சமைத்த பிறகு என்ன ஆகிறது என்று காட்டும் படங்கள் குறைவு.

படிக்கும் பெண்களுக்கு

இதைப் படிக்கும் மாணவிகளுக்குச் சில வேலைகள் சொல்கிறேன். இவற்றுக்குப் பெரிய கேமரா வேண்டாம், கைபேசி போதும்.

உங்கள் அறையில் நடுவே நின்று 'லா ஷாம்ப்ர்' மாதிரி ஒரு முழுச் சுற்று எடுங்கள். கைபேசியை ஏதாவது ஒன்றின்மேல் நிறுத்தி, ஒரே வேகத்தில் திருப்புங்கள். எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு எடுங்கள். ஜன்னல் வரும்போது வெளுக்கும், மூலை வரும்போது இருளும். அதைச் சரிசெய்ய அவசரப்படாமல், எங்கே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடுத்த நாள் அதே நேரத்துக்கு அதே சுற்றை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறியவற்றைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை மாற்றியவர் பெயரை எழுதுங்கள். அந்தப் பட்டியலே ஒரு திரைக்கதைக்குப் போதுமானது என்பது என் அனுபவம்.

குழுவாக எடுக்கும்போது பயிற்சிக்குப் பயிற்சி வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சண்டை போடுங்கள். இந்த முறை கேமரா பிடித்தவர் அடுத்த முறை நோட்டுப் பிடிக்கட்டும். நோட்டைப் படத்தோடு சேர்த்துச் சமர்ப்பிக்க வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு என்ற விதியை என் வகுப்பில் வைத்தபோது பையன்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாவது பயிற்சியிலேயே அவர்களுடைய ஷாட்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கின. நோட்டிலிருந்து கேமராவுக்குப் போன பெண்களுக்கு வேறு ஒன்று நடந்தது. எடுத்தவுடன் ஷாட் வைக்கத் தயங்கியவர்கள், எங்கே வெட்டு விழும் என்று முன்பே தெரிந்திருந்ததால் பையன்களைவிடக் குறைவாக எடுத்துச் சீக்கிரம் முடித்தார்கள். அந்த நோட்டுத்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

வேலை தேடிப் போகும்போது அங்கே இருப்பவர்கள் கேட்பது நீங்கள் எடுத்த ஷாட்டுகளை. மூன்று வருடம் எல்லாருடைய வளையலையும் ஜடையையும் நினைவில் வைத்திருந்தேன் என்று சொன்னால் யாரும் கேமரா கொடுக்கப்போவதில்லை. எனவே டைட்டிலில் பெயர் எங்கே வருகிறது என்பது கௌரவப் பிரச்சினை மட்டும் அல்ல, சோற்றுப் பிரச்சினை.

ஒவ்வொரு கல்லூரியிலும் கேமரா வெளியே போகும்போது கையெழுத்துப் போடும் ஒரு பதிவேடு இருக்கும். அடுத்த முறை கேமராவை வாங்கிவர யாரையும் அனுப்பாதீர்கள். நீங்களே போங்கள். பேட்டரி, கார்டு, லென்ஸ் எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள், அது நமக்கு நன்றாக வரும். பிறகு உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.